விளக்கில்லாத காந்தம்

சிவப்பிரகாஷ் வாங்கி வந்த பழைய சர்பேஸ் கிரைண்டருக்கு உடல் இருந்தது, மேசை இருந்தது, சாணைக்கல்லைச் சுழற்றும் மோட்டாரும் இருந்தது. பிடித்துக்கொள்ளும் கை மட்டும் இல்லை.

இரும்புத் தகட்டின் முகத்தைக் கண்ணாடிபோல் சமமாக்கித் தரும் யந்திரம் அது. தகட்டை மேசைமேல் வைத்து, மேலே சுழலும் கல்லுக்கு அடியில் இடமும் வலமுமாக ஓட்ட வேண்டும். திருகு போட்டு இறுக்கினால் தகடு வளையும். சும்மா வைத்தால் கல் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே தகட்டைக் காந்தத்தால் பிடித்து வைப்பது வழக்கம். மேசைமேல் பொருத்தும் அந்தக் கனத்த காந்தப் பலகையைப் பட்டறைக்காரர்கள் ‘மேக்னட் சக்’ என்பார்கள். அதன் முகமெங்கும் மெல்லிய பித்தளைக் கோடுகள் ஓடும். யந்திரத்தை முன்பு வைத்திருந்தவர் அதை மட்டும் கழற்றி வேறு எவருக்கோ கொடுத்துவிட்டார்.

வேலந்தாவளத்துக்குத் தெற்கே, பனைகள் வரிசையிட்ட ஒரு வாய்க்காலின் ஓரத்தில் சிவப்பிரகாஷின் தோட்டத்து வீடு. மாட்டுக்கொட்டகையின் ஒரு பாதியைத் தகரத்தால் தடுத்து அவன் பட்டறை வைத்திருந்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பால்மாடு வளர்ப்பவர்கள். அவர்களுடைய சோளத்தட்டு வெட்டும் மிஷின்களின் கத்திகள் மழுங்கியும் கோணியும் அவனிடம் வரும். லேத்து வேலையும் வெல்டிங்கும் அவனுக்குக் கைவந்தவை. கிரைண்டர் அவன் அறியாதது. அதை அறிந்தவன் அவனுடைய தம்பி ரமேஷ்குமார்.

ரமேஷ்குமார் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கிரைண்டரில் நின்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், அந்த வட்டாரம் முழுவதும் கரண்ட் போன அதே வேளையில், காந்தத்தின்மேல் இருந்த துண்டு நழுவிக் கல்லில் சிக்கிப் பறந்தது. இடக்கண் போயிற்று. அது மின்சாரத்தால் பிடிக்கும் காந்தம். மின்சாரம் நின்றதும் காந்தம் கையை விரித்துவிட்டது. கல்லோ சுற்றிய வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டார் அப்படித்தான் அறிந்திருந்தார்கள். அந்தப் பட்டறையின் மேற்பார்வையாளர் வேறு விதமாக ஏதோ சொன்னாராம்; அதை இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரமேஷ்குமார் அந்த மாலையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நொந்து கிடப்பவனைக் கிளறக் கூடாது என்று இவர்களும் கேட்டதில்லை.

ஊர் திரும்பியவன் மாடு கறந்தான், தட்டு அறுத்தான், வாய்க்காலில் மடை திருப்பினான். பட்டறைப் பக்கம் மட்டும் வரமாட்டான். தகரத்துக்கு அந்தப்புறம் மோட்டார் ஓடும் ஓசை கேட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு தூரமாகப் போய்விடுவான். சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் போக மறுத்துவிடுவான். அவன் சோறு தின்றான், உறங்கினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனாலும் வீட்டில் ஒருவர் குறைந்துபோனதாகவே எல்லோருக்கும் தோன்றிக்கொண்டிருந்தது.

கிரைண்டர் வந்து இறங்கிய சில நாட்களுக்குப் பின், யாரும் இல்லை என்று எண்ணி ரமேஷ்குமார் பட்டறைக்குள் வந்ததைச் சிவப்பிரகாஷ் வாய்க்கால் மேட்டிலிருந்து பார்த்தான். தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து யந்திரத்தின் மேசையைத் துடைத்தான். ஓரங்களையும் விரல் விட்டுத் துடைத்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து சிவப்பிரகாஷுக்கு வேறு சிந்தனை இல்லை. அந்த மேசையில் சரியானதொரு காந்தத்தைப் பொருத்திவிட்டால் தம்பி வந்து நிற்பான். தவறானதைப் பொருத்தினால், ஒன்று அவன் வரமாட்டான். அல்லது வந்து, மீதியிருக்கும் ஒரு கண்ணையும் அதன்முன் வைப்பான்.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் பழைய மிஷின் கடை வைத்திருந்தவர் பூபதிராஜா. வயிறும் வாயும் பெரியவை. அவர் ஒரு மரப்பலகையின்மேல் இரண்டு சக்குகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்.

“உங்க மேசைக்குப் பொருந்தறது ரெண்டே ரெண்டுதானுங்க தம்பி. ஒண்ணு கரண்டு, ஒண்ணு கரண்டில்லாதது. எதைக் கூட்டிட்டுப் போனாலும் சந்தோசம், ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிப் புள்ளைங்கதான்.”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

பூபதிராஜா முதலாவதின் ஒயரைச் செருகினார். அதனோடு ஒரு சிறு பெட்டி இருந்தது. சுவிட்சைப் போட்டதும் பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே கிடந்த இரும்புத் துண்டைச் சிவப்பிரகாஷ் இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. அவர் சுவிட்சை அணைத்ததும் துண்டு அவன் கையோடு வந்தது.

“இது மாப்பிள்ளை மாதிரிங்க. கவனிப்பு இருக்கற வரைக்கும் உக்காந்திருப்பாரு. கவனிப்பு நின்னுதுன்னா அந்தக் கணமே எந்திரிச்சுப் போயிருவாரு.” பிறகு இரண்டாவதன் வலப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த லிவரைத் தள்ளினார். “இது மாமனாருங்க. உள்ள இருக்கறதே காந்தக்கல்லு. கரண்டும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம். ஒருக்கா உக்காந்தா நீங்களாக் கையப் புடிச்சு எழுப்புனாத்தான் உண்டு.”

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவப்பிரகாஷ் சிரிக்கவில்லை.

“எது நல்லதுங்க?”

“யாருக்கு?”

“ஓட்டறவனுக்கு.”

பூபதிராஜா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “குறையில்லாதது எது இருக்குதுங்க தம்பி? அது கரண்டு போனா வுட்டுரும். இதை ஒவ்வொரு ஜாபுக்கும், அதான் வெக்கற ஒவ்வொரு தகட்டுக்கும், கைதான் தள்ளோணும். இதுல லைட்டுக் கிட்டு ஒண்ணுங் கெடையாது. ஆமா, ஓட்டப்போறது யாருங்க?”

“என்ற தம்பிங்க.”

“அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே?”

சிவப்பிரகாஷ் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் பஸ் ஏறினான்.

யோசனை வாரக்கணக்கில் நீண்டது. ஒருநாள் கரண்டில்லாததுதான் என்று முடிவு செய்வான். மறுநாள் கிரைண்டர் ஓட்டிப் பழகிய யாரோ ஒரு டூல்ரூம்காரர் போனில் ‘பிடி பத்தாது’ என்பார், மனம் மாறும். வேறொருவர் கரண்டு போகும் கணத்தைப் பற்றிச் சொல்வார், மறுபடி மாறும். இந்தப் பேச்சுகளெல்லாம் சமையற்கட்டுக்குள் தாழ்ந்த குரலில் நடந்தன. ரமேஷ்குமார் உள்ளே வந்தால் உடனே மாட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

“என்னையப் பொண்ணுப் பாக்க வந்தப்போ ஒரே பார்வையில சேரின்னு சொன்ன மனுசன்,” என்றாள் அவன் மனைவி மௌனிகா, மாமியாரிடம். “ஒரு இரும்புக்கட்டைக்கு இத்தனை நாளாச் சோறு எறங்காமத் திரியறாரு. அப்பவே இப்படி யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

“நீ தப்பிச்சிருப்ப. அவன் மாட்டியிருப்பான், வேற எவகிட்டயாவது,” என்றாள் தாயார் ராமாத்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவள் கண் வாசலில் தட்டு நறுக்கிக்கொண்டிருந்த இளைய மகன்மேல் இருந்தது.

தூக்கணாங்குருவிகளைப் பற்றி ஒரு கதை சொல்லலாம். கூடு கட்ட இடம் தேடிய ஒரு சோடிக்குப் பனை ஒன்றும் வேலமரம் ஒன்றும் கிடைத்தன. பனையோலையை, மேற்கு மலையின் இடைவெளி வழியே வரும் கணவாய்க் காற்று ஓயாமல் உலுக்கும், பாம்பு ஏறாது. வேலமரம் அசையாது, பாம்பு ஏறும். குருவிகள் காக்கையைக் கேட்டன, அணிலைக் கேட்டன, பனையில் கள் இறக்குபவனையும்கூடக் கேட்டன. அவரவர் எதற்கு அஞ்சினார்களோ அதைச் சொன்னார்கள். கூடு யாருக்காகவோ அந்தக் குஞ்சை மட்டும் கேட்கவில்லை. அது குருவிகளின் குற்றமன்று. குஞ்சு இன்னும் முட்டைக்குள் இருந்தது. சிவப்பிரகாஷின் வீட்டிலோ, யாருக்காக எல்லாமோ அவன் வளர்ந்த ஆள். கைக்கெட்டும் தூரத்தில், வாசலில் உட்கார்ந்திருந்தான். அவனை வருத்தக் கூடாது என்ற அன்பு அவனைச் சுற்றி ஓர் ஓடுபோல் மூடியிருந்தது.

“பூப் போட்டுக் கேட்டுருவோம் சாமி,” என்று ஒரு காலையில் ராமாத்தாள் மூத்த மகனிடம் சொன்னாள். “நம்ம ஊட்டுல கெணறு வெட்டுனதும் ஆத்தா சொல்லித்தான். உன்ற கல்யாணமும் ஆத்தா சொல்லித்தான். இதுவும் அவ சொல்லட்டும்.”

அவர்கள் வழியில் அது வழக்கம். மனிதரால் முடிவு செய்ய இயலாத காரியமென்றால் வெள்ளைப்பூவை ஓர் இலைப் பொட்டலத்திலும் சிவப்புப்பூவை மற்றொன்றிலும் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எது வந்ததோ அது உத்தரவு. அதற்குமேல் பேச்சில்லை, பின்னால் நன்மை வந்தாலும் தீமை வந்தாலும் அது கேட்டவனுடைய பொறுப்பாகாது. சிவப்பிரகாஷுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை போனார்கள். வேலியோர அரளியில் ராமாத்தாளே பூப்பறித்து, வாழையிலை கிழித்து, நார் கட்டி எடுத்து வந்திருந்தாள். சிவப்பு வந்தால் கரண்டு. வெள்ளை வந்தால் கரண்டில்லாதது. பூசாரி கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

“ஆத்தா மனசார வெள்ளையாவே குடுத்துட்டா,” என்றார் பூசாரி. ராமாத்தாள் மற்றப் பொட்டலத்தைத் தானே எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்; திரும்பும் வழியில் அதை வாய்க்காலில் விட்டாள். அன்று முழுவதும் அவள் ஒருவரோடும் அதிகம் பேசவில்லை. பக்தியென்று மகன் நினைத்துக்கொண்டான்.

கரண்டில்லாத சக்கு வந்து சேர்ந்தது. சிவப்பிரகாஷ் அதை மேசையில் பூட்டினான். புதிதாகப் பூட்டிய சக்கின் முகத்தை முதலில் அந்தக் கல்லாலேயே இழைத்துச் சமமாக்க வேண்டும். அதையும் பயந்து பயந்து செய்து முடித்தான். பிறகு ஒரு கத்தித் தகட்டை வைத்து லிவரைத் தள்ளி, தானே ஓட்டிப் பார்த்தான். தகடு இருந்த இடத்தில் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தும் பார்த்தான். கல் நெடுநேரம் முனகிக்கொண்டே சுற்றி ஓய்ந்தது, தகடு அசையவில்லை.

அவன் வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டான். “ரமேசு, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ. கரண்டே வேண்டாத சக்கு. கரண்டு போனாலும் வுடாது. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுத்தான் வாங்கியிருக்குது.”

ரமேஷ்குமார் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தான். ராமாத்தாளும் மௌனிகாவும் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் ஒரு பாவனை.

அவன் பொறி தெறிக்காமல் கண்ணைக் காக்கும் கண்ணாடியை மாட்டினான். பித்தளைக் கோடுகளின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒரு தகட்டை எடுத்து, அடியைத் துடைத்து, நேராக வைத்தான். அந்தக் கைகளுக்கு எதுவும் மறக்கவில்லை என்பதை அண்ணன் கண்டான். மோட்டார் சுவிட்சுக்காகக் கையை நீட்டியவன் பாதியில் நிறுத்திச் சக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

“லைட்டு எங்கீங்ண்ணா?”

“லைட்டா? இதுக்கு லைட்டுக் கெடையாது. கரண்டே இல்லியே.”

“அப்பப் புடிச்சிருக்குதா இல்லியான்னு எப்படிங்ண்ணா தெரியும்?”

“லிவரு இந்தப் பக்கம் இருந்தாப் புடிச்சிருக்குது. அந்தப் பக்கம் இருந்தா இல்ல. அவ்வளவுதான்.”

“நாந்தான் தள்ளோணுமா? ஒவ்வொரு தடவையும்?”

“ஆமா.”

ரமேஷ்குமார் லிவரைப் பார்த்தபடி ஓர் அடி பின்வாங்கினான். கண்ணாடியைக் கழற்றி மேசையின் ஓரத்தில் வைத்தான்.

“இதுவா ஆத்தா குடுத்தா?”

“வெள்ளைப்பூ, ரமேசு. பூசாரி கையால எடுத்தது. ஆத்தா தப்பாச் சொல்லுவாளா?”

“மாட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது,” என்றான் ரமேஷ்குமார். “லைட்டு இருக்கறதும் ஒண்ணு கெடந்துது, இல்லாததும் ஒண்ணு கெடந்துது. இல்லாததாப் பாத்து எனக்குக் குடுத்திருக்கறா. நீ கிரைண்டர் பக்கமே வராத, ஒதுங்கிப் போடான்னுதான அர்த்தம். சேரி. போயிடறேன்.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். அப்படிப் போனால் இனி ஒருபோதும் திரும்ப மாட்டான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வாசலில் நின்ற ராமாத்தாள் வழியை விடவில்லை.

“ஆத்தா ஒண்ணுஞ் சொல்லுல கண்ணு.”

“நகரும்மா.”

“ஆத்தா சொல்லவே இல்ல. ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளைப்பூவத்தான் வெச்சேன்.”

மௌனிகா, “அத்தை!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்பிரகாஷ் ஒன்றும் விளங்காதவனாகத் தாயைப் பார்த்தான். மூத்தவனின் கல்யாணத்துக்குப் பூக் கேட்ட அன்று, குளிர் காய்ச்சலோடு ஈரத்துணியுடுத்துக் கோயிலைச் சுற்றியவள் அவள்.

“பூப் பறிக்கறப்போ செகப்பையும்தான் பறிச்சேன்,” என்றாள் ராமாத்தாள். “பொட்டலம் கட்டறப்போ கை வரல. ஒருவேளை செகப்பு வந்துருச்சுன்னா? மறுக்கா அந்தக் கரண்டுகிட்டவே உன்னையக் கொண்டு போயி நிறுத்தறதா? அவகிட்டக் கேக்காமப் போறதுக்கும் பயம். கேட்டு, அவ வேற சொல்லிருவாளோன்னும் பயம். வேற வழி தெரியல சாமி. வெள்ளையவே வெச்சுக் கட்டிப்போட்டேன்.”

ரமேஷ்குமார் அங்கேயே, சாணைத்தூள் படிந்த தரையில் உட்கார்ந்தான். முதலில் சிரிக்கிறான் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

“கரண்டா?” என்றான். “கரண்டுக்காகவா இத்தனையும்?”

“அன்னைக்குக் கரண்டு போனதால்தான...” என்றான் அண்ணன்.

“போச்சு. நெசந்தான். ஆனா அதுக்கு முன்னால நான் சுவிட்சைப் போட்டனா இல்லியான்னு எனக்குத் தெரியாதுங்ண்ணா. போடுல, மறந்துட்டேன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. இருக்கும். போட்டும் இருக்கலாம். அன்னைக்குக் காலையில இருந்து ஒரே மாதிரி ஜாப்பு. எடுக்கறது, வெக்கறது, போடறது, ஓட்டறது. அந்தக் கடைசி ஜாப்புக்குப் போட்டனா?” அவன் மீதியிருந்த கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். “கண்ண மூடுனா அந்தச் செகப்பு லைட்டுத்தான் வருது. ஒருநாள் எரியுது. ஒருநாள் எரியறதில்ல. ரெண்டு வருசமாப் பாத்துட்டிருக்கேன்.”

அவர்கள் அஞ்சியது ஒன்று. அவன் அஞ்சியது வேறொன்று. மின்சாரம் கைவிடாத காந்தத்தை அவர்கள் தேடி எடுத்து வந்திருந்தார்கள். அவனோ தன் ஞாபகமே தன்னைக் கைவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தான். அதைப் பிடித்துக்கொள்ளும் காந்தம் எந்தக் கடையிலும் இல்லை.

சிவப்பிரகாஷ் அப்போதே பூபதிராஜாவுக்குப் போன் செய்தான். “அந்த லைட்டு வெச்ச சக்கு இருக்குதுங்களா?”

“கஞ்சிக்கோட்டுல இருந்து ஒரு மலையாளத்துக்காரரு வந்து ஏத்திட்டுப் போயிட்டாருங்களே! ஏனுங்க, மாமனாரு ஒத்துவரலீங்களா?”

அவன் போனை வைத்தான். தரையில் இருந்தபடியே ரமேஷ்குமார், “அது இருந்தா மட்டும்?” என்றான். “அன்னைக்கும் லைட்டு இருந்துதுங்ண்ணா. நான் பாத்தனான்னுதான் தெரியல.”

ஆனாலும் அண்ணனின் கை சும்மா இருக்குமா? லிவரின் அடியில் ஒரு சின்ன சுவிட்சை வைத்து, ஒயர் இழுத்து, ஒரு சிவப்பு பல்பைத் தம்பியின் கண்ணுக்கு நேரே மாட்டினான். லிவரைத் தள்ளினால் எரிந்தது, இழுத்தால் அணைந்தது. அவன் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் சூடு தணியத் தகட்டின்மேல் விட்ட தண்ணீர் சில நாட்களில் சுவிட்சுக்குள் இறங்கியது. ஒரு காலையில் லிவர் பிடியை விடும் பக்கம் கிடக்க, விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. முதலில் பார்த்தவன் ரமேஷ்குமார்தான். பல்பைக் கழற்றி அண்ணனின் கையில் வைத்தான்.

“பொய் சொல்ற லைட்டுக்கு லைட்டில்லாததே மேலுங்ண்ணா.”

ஆயினும் அவன் பட்டறைக்குள் வந்திருந்தான். தினமும் வந்தான். தகட்டை வைப்பான், லிவரைத் தள்ளுவான், மோட்டாரைப் போடாமல் நிற்பான். மறுபடி லிவரைத் தொட்டுப் பார்ப்பான். நகர்வான், திரும்பி வந்து இன்னும் ஒருமுறை தொடுவான். ஒரு கத்திகூட இழைக்காமல் மாட்டுக்குத் தட்டுப் போடும் நேரம் வந்துவிடும். கத்தி கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ராமாத்தாள் இதையெல்லாம் மாடு கட்டும் கட்டுத்தறியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குள் போவதை அவள் விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் ரோட்டிலேயே செருப்பைக் கழற்றி நின்று, தூரத்துத் தீபத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவாள். “உள்ள வாங்கம்மா,” என்று பூசாரி கூப்பிட்டால், “வேலை கெடக்குதுங்க,” என்பாள். இன்னொரு முறை பூப் போட்டுக் கேட்கலாமே என்று மௌனிகா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?” என்றாள் ராமாத்தாள். “நான் பொய்யிக்குக் கேட்டேன். இனி அவ நெசமாச் சொன்னாலும் எனக்கு நம்பத் தெரியாது.”

அன்று பிற்பகல் அவள் பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்குள் வந்தாள்.

“எனக்கு இந்த மிஷினப் பத்தி ஒண்ணுந் தெரியாது. இதுல எது புடிக்கறது, எது வுடறது?”

ரமேஷ்குமார் காட்டினான். “கட்டுத்தறிப் பக்கம் தள்ளுனாப் புடிக்கும். வாய்க்காப் பக்கம் தள்ளுனா வுடும்.”

அவள் தலையை ஆட்டினாள். அங்கேயே நின்றாள். அவன் தகட்டை வைத்தான், லிவரைத் தள்ளினான், வழக்கம்போல் நின்றான்.

“போட்டயா?” என்றாள் அவள்.

அவன் திரும்பித் தாயைப் பார்த்தான். பிறகு லிவரைப் பார்த்தான். “போட்டேன்,” என்றான்.

தன் வாயால் சொன்னது தன் காதில் விழுந்ததும் அவனுக்குள் ஏதோ ஒன்று சிறிது தளர்ந்திருக்க வேண்டும். மோட்டாரைப் போட்டான். கல் சுழன்றது. மெல்ல இறக்கினான். பொறிகள் ஒரு விசிறிபோல் விரிந்தன. தகடு இருந்த இடத்தில் இருந்தது.

அதை எடுத்து வைத்துவிட்டு, தாயைப் பாராமலே, “நீ இப்படியே கேளும்மா,” என்றான். “ஒவ்வொண்ணுக்கும் கேளு. கல்லை எறக்கறதுக்கு முன்னால. நான் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

அப்படித்தான் அந்தப் பட்டறையில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. கொட்டகை வாசலில் ராமாத்தாள் நிற்பாள். வாசலிலிருந்து பார்த்தால் மகனுடைய முதுகுதான் தெரியும், லிவர் தெரியாது. போட்டயா? போட்டேன். கல் இறங்கும். மறுபடியும் போட்டயா? போட்டேன். கத்திகள் வந்தன, போயின. அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் யந்திரமும் படுத்துக்கொள்ளும். மௌனிகா அவளுக்குப் பதிலாக நின்று பார்த்தாள். அண்ணி கேட்டால் தனக்குச் சிரிப்பு வருகிறது என்றான் ரமேஷ்குமார், சிரிப்பு வந்தால் பயமாக இருக்கிறது என்றான்.

“அத்தைக்கு நாக்குல அதே சொல்லு ஒட்டிக்கிச்சு,” என்று மௌனிகா கணவனிடம் சொன்னாள். “நேத்து மாட்டுக்கிட்ட நின்னு போட்டயான்னு கேக்கறாங்க. அது பேந்தப் பேந்த முழிக்குது. என்னத்தப் போட்டுதுன்னு அது சொல்லும்?”

சிவப்பிரகாஷ் சிரித்தான். தாய் ஒருத்தியின் தொண்டையில் கட்டித் தொங்கவிடப்பட்ட யந்திரம் எத்தனை காலம் ஓடும் என்று அவன் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. வேறொரு வழியும் அவனுக்குத் தெரியவில்லை. விளக்கை மறுபடி மாட்டலாம், தம்பி நம்பமாட்டான். வேறு சக்கு வாங்கலாம். அதையும் இதே கைதான் ஓட்ட வேண்டும். இரண்டு காந்தங்களுக்கு நடுவே தான் நின்று தவித்த நாட்களை நினைத்தால் இப்போது அவனுக்கு அவை சுகமான நாட்களாகத் தோன்றின. அப்போது ஒன்று சரி, ஒன்று தவறு என்றாவது நம்பியிருந்தான்.

கணவாய்க் காற்று பனைகளை உலுக்கத் தொடங்கிய மாதம் அது. ஒரு நாள் முற்பகலில் கத்திகள் நிறையச் சேர்ந்திருந்தன. அண்ணன் லேத்தில் இருந்தான். தம்பி ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தான், வைத்தான், ஓட்டினான். கல் இடையில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. தகரத்தின்மேல் காற்றின் ஓசை, ஓலைகளின் ஓசை, அவற்றின் ஊடே வாசலிலிருந்து அந்தக் குரல் தவறாமல் வந்தது, பதிலும் தவறாமல் போயிற்று.

“போட்டயா?” என்றாள் ராமாத்தாள்.

பதில் வரவில்லை.

காற்றில் கேட்டிருக்காது என்று அவள் ஓர் அடி உள்ளே வைத்தாள். “ரமேசு, போட்டயா?”

சிவப்பிரகாஷ் லேத்தை நிறுத்தினான். ரமேஷ்குமார் கல்லை இறக்கும் சக்கரத்தில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தான். முதுகு அசையவில்லை. அந்த முதுகுக்கு அப்பால் லிவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தாய்க்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. அருகே போய்த் தொட்டால் அவன் திடுக்கிட்டுச் சக்கரத்தைத் திருப்பிவிடுவானோ என்று இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“இரும்மா,” என்றான் ரமேஷ்குமார். “பாக்கறேன்.”